படகு விளக்கு எரியாவிட்டால்: வாசகர் கேள்வி – பதில்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி, படகுத் தச்சரான ஓடாவியும் பெயின்டரும் மும்முரமாக இருக்கும் இந்த நாட்களில்தான் மின்கம்பிகளை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது. பயண விளக்குகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை, கம்பத்தின் முன்நோக்கிய வெள்ளை, பின்புற வெள்ளை ஆகியவற்றையும், தொழிலில் இருக்கும்போது கூடுதலாகப் போடும் விளக்குகளையும் சேர்த்தே பயண விளக்குகள் என்கிறோம்.

ஐயா, எங்கள் மர விசைப்படகில் இடப்பக்கச் சிவப்பு விளக்கு எரியவில்லை. புதிய பல்பு போட்டும் எரியவில்லை. அதே பல்பை நேராகப் பேட்டரியில் வைத்தால் எரிகிறது. எலக்ட்ரீசியன் பல்பைக் கழற்றி ஹோல்டரில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "12.4 வோல்ட் வருகிறது, ஒயரிங்கில் குறையில்லை, விளக்குப் பெட்டியையே மாற்றுங்கள்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– விசைப்படகு உரிமையாளர், இராமேசுவரம்

இப்போதைக்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மீட்டர் காட்டிய எண் சரியானதுதான். அதை வைத்து எடுத்த முடிவு தவறு. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சுமார் ஒரு கோடி ஓம் மின்தடை கொண்டது, ஆகவே அளக்கும்போது அது கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரே ஓர் இழை மிஞ்சியிருக்கும் ஒயரோ, பச்சைக் களிம்பு ஏறி உப்பு ஈரத்தில் ஊறிக்கிடக்கும் இணைப்போ கூட அந்த அளவுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடும். அடைப்புள்ள குழாயிலும் திருகை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் சொட்டுவது தெரியும்.

உங்கள் விளக்கில் இருப்பது 12 வோல்ட், 25 வாட் பல்பு என்று வைத்துக்கொள்வோம். அது எரிய 2 ஆம்பியருக்குச் சற்று மேல் வேண்டும். எரியும் நிலையில் அதன் மின்தடை 6 ஓமுக்கும் கொஞ்சம் குறைவு. வழியில் ஏதோ ஓர் இணைப்பில் 50 ஓம் தடை உண்டாகியிருந்தால் கால் ஆம்பியர் கூடப் போகாது. வோல்டேஜ் அனைத்தும் அந்த இணைப்பிலேயே தங்கிவிடும், பல்பு இருட்டாகவே இருக்கும். பல்பைக் கழற்றி மீட்டரை வைத்தால் மட்டும் முழு வோல்டேஜும் திரும்ப வந்து நிற்கும். ஆகவே அளவு எடுக்கும்போது பல்பு அதனிடத்தில் இருக்க வேண்டும், ஸ்விட்சும் போடப்பட்டிருக்க வேண்டும்.

பேட்டரி வரைக்கும் எட்டக்கூடிய நீளத்துக்கு ஒரு தனி ஒயர் எடுத்து, இரு முனைகளிலும் முதலைக் கிளிப் பொருத்திக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மறுமுனையை மீட்டரின் ஒரு கம்பியிலும் மாட்டிவிட்டு, மீட்டரின் மற்றொரு கம்பியை ஹோல்டரின் பாசிட்டிவ் தொடுமுனையில் வையுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது, போகும் வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதை. நல்ல ஒயரிங்கில் அது 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டாது. பத்து, பதினொன்று என்று காட்டினால் குறை பாசிட்டிவ் பக்கத்தில். அப்படியானால் ஹோல்டரிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: கேபின் கூரைக்குக் கீழே உள்ள டெர்மினல், ஸ்விட்சின் வெளிமுனை, அதன் உள்முனை, ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் அந்த எண் சட்டென்று விழுகிறதோ, அதற்கும் அதற்கு முன்பு தொட்ட இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

பாசிட்டிவ் பக்கம் சுத்தமாக இருந்தால், கிளிப்பைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு மாற்றி, ஹோல்டரின் நெகட்டிவ் தொடுமுனையிலிருந்து இதையே மறுபடி செய்யுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. கரண்ட் வருகிறதா என்று பார்ப்பவர்கள், அது திரும்பிப் போகும் வழியைப் பார்ப்பதில்லை. இரு பக்கமும் இழப்பு பூச்சியமாக இருந்தும் பல்பு எரியாவிட்டால், பல்பின் அடியும் ஹோல்டரின் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தொடவில்லை என்று பொருள்; அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கைச் சற்றே மேலே நெம்பிவிட்டால் போதும்.

மீட்டர் பழகாதவர்களுக்கு டெஸ்ட் லேம்ப் இதைவிட நல்லது. கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொண்டால், அது தானே கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுத்துச் சோதிக்கும். அழுகிய இணைப்பால் அதை ஏமாற்ற முடியாது.

எங்கே தேடுவது என்று கேட்டால், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். டேப்பை உரித்தால் உள்ளே ஒயர் பச்சையாகப் பொடிந்திருக்கும். அங்கேயே வெட்டிப் புதிதாக முறுக்கினால் சில மாதத்தில் திரும்பவும் இதே கதைதான், ஏனென்றால் உப்புநீர் இழைகளுக்கு இடையே ஊறி ஒயரின் உள்ளேயே நெடுந்தூரம் ஏறியிருக்கும். பிளாஸ்டிக் உறையைச் சிறிது சிறிதாகச் சீவிப் பார்த்து, கறுத்த இழைகள் முடிந்து செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறியுங்கள். சில நேரம் ஒரு முழம் போகும். சில நேரம் ஒயரையே மாற்ற வேண்டிவரும்.

ஐயா, கம்பத்தின் வெள்ளை விளக்கைப் போட்டால், ஸ்விட்ச் போடாத சைடு லைட் (பக்கவாட்டுச் சிவப்பு, பச்சை) இரண்டும், பின்விளக்கும் லேசாக எரிகின்றன. வெள்ளை விளக்கோ மங்கிவிடுகிறது. ஸ்விட்ச் போர்டில் ஒயர்கள் மாறிவிட்டனவா?
– படகு ஓட்டுநர், மண்டபம்

ஒயர்கள் மாறவில்லை, நெகட்டிவ் அறுந்திருக்கிறது. கம்பத்து விளக்குக்கும் சைடு லைட்டுகளுக்கும் நெகட்டிவை ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒயராகப் பேட்டரிக்குக் கொண்டுவருவது நம் படகுகளில் வழக்கம். அந்த ஒற்றை ஒயர் அறுந்துவிட்டால், கம்பத்து விளக்கின் வழியாக வந்த மின்சாரம் திரும்ப வழியின்றி, சைடு லைட்டுகளுக்குள் தலைகீழாக நுழைந்து, அவற்றின் பாசிட்டிவ் ஒயர் வழியாக ஸ்விட்சுக்குப் பின்னால் வருகிறது. பின்விளக்கைச் சைடு லைட் ஸ்விட்சிலேயே இணைத்திருப்பார்கள். அதன் நெகட்டிவ் மட்டும் தனியாக, நல்ல நிலையில் இருக்கும். மின்சாரம் அந்த வழியாக வீடு சேர்கிறது. வழியில் இருக்கும் பல்புகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டதால் எல்லாமே அரைகுறையாக எரிகின்றன.

உறுதிசெய்துகொள்ள, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தனி ஒயர் இழுத்து அந்தச் சேர்ப்பிடத்தில் தொட்டுப் பாருங்கள். வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்து, மற்றவை உடனே அணைந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு விளக்குகள் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டுக் குழப்பம் செய்தால், ஸ்விட்ச் போர்டைத் திறப்பதற்கு முன் நெகட்டிவைப் பாருங்கள்.

ஐயா, துறைமுகத்தில் நன்றாக எரியும் விளக்குகள், கடலில் எஞ்சினை நிறுத்தி வலை விட்டிருக்கும் நேரத்தில் மங்கிவிடுகின்றன. பேட்டரி புதியது. ஒயரைக் கொஞ்சம் மெல்லியதாகப் போட்டது காரணமாக இருக்குமா?
– விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

ஆம், ஆனால் அது மட்டுமல்ல. எஞ்சின் ஓடும்போது அதனால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய 14 வோல்ட் கொடுத்துக்கொண்டிருப்பதால் ஒயரிங்கின் குறை மறைந்துவிடுகிறது. எஞ்சின் நின்றதும், முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியே 12.6, 12.7 வோல்ட்டில்தான் நிற்கும், 12.2 என்றால் பாதி காலி. ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் வயர்லெஸும் ஜி.பி.எஸ்ஸும் அதிலேயே ஓடுகின்றன.

இனி ஒயருக்கு வருவோம். ஸ்விட்சிலிருந்து கம்பத்து உச்சிக்கு 10 மீட்டர் என்றால், போகவும் வரவும் 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அந்த நீளத்துக்குக் கிட்டத்தட்ட 0.4 ஓம் தடை இருக்கும். 25 வாட் பல்புக்கு 2 ஆம்பியர் போனால் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. பயண விளக்குகளுக்கு 3 சதவீதத்துக்கு மேல், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 0.36 வோல்ட்டுக்கு மேல் இழப்பு கூடாது என்பது படகு மின்சார வேலையில் கடைப்பிடிக்கப்படும் அளவு. 0.8 வோல்ட் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இழை பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். 12 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குள் நீளமுள்ள படகின் கம்பத்து விளக்கு 3 கடல் மைல் தூரத்திலும், சைடு லைட் 2 கடல் மைல் தூரத்திலும் தெரிய வேண்டும் என்பது சர்வதேச மோதல் தடுப்பு விதி. எதிரே வரும் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அந்தத் தூரம்தான் கப்பலைத் திருப்பக் கிடைக்கும் நேரம்.

பேட்டரியை மிச்சப்படுத்த 25 வாட் பல்பை எடுத்துவிட்டு 10 வாட் போடுவது நல்ல யோசனையல்ல. விளக்கின் கண்ணாடியையும் பாருங்கள். வெயிலில் மஞ்சளித்து உப்புத் திரை படிந்த பிளாஸ்டிக் மூடியைக் கழுவினாலே வித்தியாசம் தெரியும். கேபினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது தெறித்த வெள்ளைத் துளிகளோடு ஒவ்வோர் ஆண்டும் கடலுக்குப் போகும் விளக்குகள் நிறையவே உண்டு.

ஐயா, கரையில் நிற்கும்போது எதுவும் ஆவதில்லை. கடலில் அலை தூக்கிப்போடும்போது பயண விளக்குகளின் ஃபியூஸ் மட்டும் போகிறது. 5 ஆம்பியர் ஃபியூஸ் நிற்காததால் 20 ஆம்பியர் போட்டிருக்கிறோம்.
– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

முதலில் அந்த 20 ஆம்பியரைக் கழற்றுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. மெல்லிய ஒயரில் ஷார்ட் ஏற்பட்டு, ஃபியூஸும் போகாமல் இருந்தால் ஒயரே அடுப்புக் கம்பியாகச் சிவக்கும். அது ஓடுவது மரப்பலகைக்கும் டீசல் படிந்த பஞ்சுத்துணிக்கும் இடையில்.

அலையில் மட்டும் போகிறது என்பது நல்ல தடயம். ஏதோ ஓரிடத்தில் உறை தேய்ந்த ஒயர், படகு ஆடும்போது இன்னொரு உலோகத்தைத் தொடுகிறது. கண்டுபிடிக்க ஃபியூஸ்களை வீணாக்க வேண்டியதில்லை. அந்தச் சுற்றிலுள்ள எல்லா விளக்குகளின் பல்பையும் கழற்றிவிடுங்கள், எல்.இ.டி. பெட்டியாக இருந்தால் அதன் ஒயரைப் பிரித்துவிடுங்கள். ஃபியூஸை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே முன்பு சொன்ன 21 வாட் டெஸ்ட் லேம்பை மாட்டி ஸ்விட்சைப் போடுங்கள். லேம்ப் எரியக் கூடாது. இப்போது ஒருவர் லேம்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் கம்பத்தின் அடியிலிருந்து ஒயரை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் அசைக்கும்போது லேம்ப் மினுக்குகிறதோ, அங்கேதான் ஷார்ட். ஷார்ட் இருந்தாலும் லேம்ப் 2 ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை.

இரும்புக் குழாய்க் கம்பத்தின் வாயில் ஒயர் நுழையும் இடத்தை முதலில் பாருங்கள். ரப்பர் வளையம் இல்லாமல் வெட்டிய குழாயின் கூர்விளிம்பில் ஒயர் உட்கார்ந்திருக்கும். ஒரு பருவம் முழுதும் படகு ஆடினால் அது அரம்போல அறுத்துவிடும். கம்பத்தைப் பிடித்து நிற்கும் இரும்புக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிய ஒயர், ஒயர்மேலேயே இறங்கிய கிளிப் ஆணி ஆகியவையும் வழக்கமான இடங்கள்தான். விளக்குக்குள் தண்ணீர் புகுந்திருக்குமோ என்று பலர் முதலில் சந்தேகிப்பார்கள். உப்புநீர் தொடுமுனைகளைத் தின்றுவிடும், ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸை ஒரே நொடியில் போக்கும் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்துவது அரிது. உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் அப்படிப் போகும்.

ஐயா, எங்களுடையது இரும்புப் படகு. விளக்குகளுக்குப் பாசிட்டிவ் ஒயர் மட்டும் இழுத்து, நெகட்டிவைக் கம்பத்திலேயே திருகியிருக்கிறார்கள். எல்லாம் எரிகிறது. ஆனால் இரும்பு அரிக்காமல் காக்க அடியில் பொருத்திய ஜிங்க் கட்டிகள் சீக்கிரம் கரைகின்றன. இதுவும் அதற்குக் காரணமா?
– ஆழ்கடல் படகு உரிமையாளர், தேங்காப்பட்டணம்

ஜிங்க் கரைய வேறு காரணங்களும் உண்டு. அடிப்பெயின்ட் உரிந்திருந்தாலும் வேகமாகக் கரையும். ஆனால் நீங்கள் சொல்லும் இணைப்பு முறை தவறு, விளக்கு எரிகிறது என்பதற்காக அதை விட்டுவைக்கக் கூடாது. லாரியில் உடல் இரும்பையே திரும்பும் வழியாகப் பயன்படுத்தலாம். அது உப்புநீரில் நிற்பதில்லை. படகின் இரும்பு வழியாக எப்போதும் மின்சாரம் ஓடவிட்டால், இணைப்பு கொஞ்சம் கெட்டாலும் இரும்பின் இரண்டு இடங்களுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் உண்டாகி, நீருக்கு அடியில் அரிப்புக்கு வழி திறந்துவிடும்.

இரவில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, மீட்டரை மிகக் குறைந்த டி.சி. வோல்ட் அளவில் வைத்து, கம்பத்தின் அடியிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை அளந்து பாருங்கள். பூச்சியத்தை விட்டு நகர்ந்தால் இரும்பில் மின்சாரம் ஓடுகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர் இழுத்து நெகட்டிவைப் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் எஞ்சின் உடலையே நெகட்டிவாகக் கொண்டிருந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் இரும்போடு தொடர்பு இருப்பது தவிர்க்க முடியாது. அது ஓரிடமாகவே இருக்கட்டும்.

பிறகு கசிவைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட வேண்டாம். வயர்லெஸின் நினைவகம், தானியங்கி பம்ப் போன்றவற்றுக்கான சொற்ப மின்சாரத்தைத் தவிர எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் எண் விழுகிறதோ, அந்தச் சுற்றில் கசிவு இருக்கிறது.

ஐயா, எஞ்சினுக்கு இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட். விளக்குகளும் ஜி.பி.எஸ்ஸும் 12 வோல்ட் என்பதால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறோம். அந்தப் பேட்டரி சீக்கிரம் போய்விடுகிறது. மற்றதில் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கிறது.
– விசைப்படகு உரிமையாளர், கடலூர்

லாரி எஞ்சினைப் படகுக்கு மாற்றிப் பொருத்தும் இடங்களில் எல்லாம் காணும் கோளாறு இது. ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து ஒன்றாகத்தான் பார்க்கிறது; மொத்தம் 28 வோல்ட் வந்ததும் திருப்தியடைந்துவிடும். விளக்கைச் சுமக்கும் பேட்டரி பாதி பட்டினியில் 13 வோல்ட்டில் நிற்க, சும்மா இருக்கும் பேட்டரி 15 வோல்ட் வாங்கிக் கொதிக்கிறது. முதலாவது பட்டினியால் சாகிறது, இரண்டாவது அதிகம் உண்டு சாகிறது. பேட்டரி கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. 24 வோல்ட்டை 12 ஆக மாற்றும் டி.சி. கன்வர்ட்டர் ஒன்றை இரண்டு பேட்டரிகளின் மொத்தத்திலும் இணைத்து, 12 வோல்ட் வேலைகள் அனைத்தையும் அதன்வழி எடுங்கள். விளக்குகளை 24 வோல்ட் பல்புக்கே மாற்றினால் இன்னும் நல்லது. அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகிவிடுவதால் ஒயரில் இழப்பும் குறையும்.

ஐயா, பழைய விளக்குப் பெட்டிகளிலேயே எல்.இ.டி. பல்புகளைப் போட்டோம். கரண்ட் செலவு குறைந்தது. ஆனால் விளக்கைப் போட்டால் வயர்லெஸில் இரைச்சல் வருகிறது. பச்சை விளக்கு நீலமாகத் தெரிகிறது என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்கிறார்.
– படகு ஓட்டுநர், குளச்சல்

இரண்டும் உண்மையான குறைகள். எல்.இ.டி. பல்புக்குள் வோல்டேஜைச் சீராக்கும் சிறு சுற்று மிக வேகமாக மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. மலிவான பல்புகளில் அதற்குத் தடுப்பு இல்லாததால் அது ஒரு சின்ன ரேடியோ நிலையமாகவே ஆகி, வயர்லெஸ் வேலை செய்யும் வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அதிலுள்ள சோதனை எளிது. எல்.இ.டி. விளக்குகளை அணைத்துவிட்டு, யாரும் பேசாத ஒரு சேனலில், இரைச்சலை அடக்கும் திருகான ஸ்குவெல்ச்சை இரைச்சல் கேட்கும்வரை திறந்து, பிறகு இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் மூடுங்கள். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் திரும்ப வருகிறதோ, அதுவே குற்றவாளி. இரைச்சல் கேட்காதபடி ஸ்குவெல்ச்சை இறுக்கி வைத்துவிடுவது தீர்வாகாது. தொலைவிலிருந்து 16-ஆம் சேனலில் வரும் ஆபத்து அழைப்பும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும். படகின் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் அதே அலைவரிசையின் மேல்பகுதியில்தான், 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, வேலை செய்கிறது என்பதால் அதற்கும் பாதிப்பு உண்டு.

நிறத்தைப் பொறுத்தவரை, பழைய பச்சைக் கண்ணாடி இழை பல்பின் மஞ்சள் கலந்த ஒளிக்காகச் செய்யப்பட்டது. நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி.யை அதற்குள் வைத்தால் பச்சை நீலத்தை நோக்கி நகரும். அதைவிடப் பெரிய குறை கோணம். சைடு லைட் ஒவ்வொன்றும் நேர்முன்னாலிருந்து 112.5 பாகை வரை மட்டுமே தெரிய வேண்டும். பெட்டியின் மறைப்புகள், பல்பின் இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியை வைத்துக் கணக்கிடப்பட்டவை. பக்கமெல்லாம் எல்.இ.டி. பதித்த பல்பில் அந்தப் புள்ளி இல்லை. நேர்முன்னால் இருப்பவருக்குச் சிவப்பும் பச்சையும் கலங்கித் தெரியும், எதிரே வருவது எந்தப் பக்கம் போகிறது என்பதை அவரால் பிரித்தறிய முடியாது. மாற்றுவதானால் எல்.இ.டி.க்கென்றே செய்து சான்று பெற்ற முழு விளக்கையே வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல எல்.இ.டி. விளக்குகள் 10 முதல் 30 வோல்ட் வரை எதிலும் ஒரே மாதிரி எரியக்கூடியவை. அது வசதிதான், ஆனால் மங்குவதன் மூலம் முன்கூட்டியே எச்சரிக்கும் குணம் போய்விடுகிறது. இணைப்பு அழுகிக்கொண்டே வரும், விளக்கு நன்றாக எரிந்துகொண்டே இருக்கும், ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடும். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தாலும் எரியாது என்பதால், புதிதாகப் பொருத்தி எரியாவிட்டால் அதை முதலில் பாருங்கள்.

ஐயா, ஹோல்டருக்குள் தண்ணீர் புகாமல் இருக்க சிலிகான் நிரப்பலாமா?
– மெக்கானிக், தூத்துக்குடி

வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அமிலமே செம்பை அரித்துவிடும். தொடுமுனைகளைச் சுத்தம் செய்து பல்பைப் போட்ட பிறகு லேசாக வாசலின் தடவினால் போதும். இணைப்புகளை உலோக முனையில் வைத்து நெரித்து இறுக்கி (கிரிம்ப் செய்து), சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வெறும் ஈயப் பற்றவைப்பை நம்ப வேண்டாம். ஈயம் ஏறிய இடம் விறைத்து, எஞ்சின் அதிர்வில் அதன் விளிம்பில் முறிந்துவிடும். வெள்ளீயம் பூசிய ஒயர் விலை கூடுதல்தான், கம்பத்து ஒயருக்கு மட்டுமாவது அதை வாங்குங்கள். விளக்குக்குள் நுழையுமுன் ஒயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஐயா, எங்கள் ஃபைபர் படகு 9 மீட்டர், அவுட்போர்டு எஞ்சின், சார்ஜ் வசதி கிடையாது. என்ன விளக்கு, எவ்வளவு பேட்டரி?
– நாட்டுப்படகு மீனவர், கோடியக்கரை

12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகுக்கு, சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் சைடு லைட்டுகளும் இருந்தால் போதும் என்று விதி அனுமதிக்கிறது. மூன்று எல்.இ.டி. விளக்குகளுக்குச் சேர்த்து 8 வாட் என்று கொண்டால் 0.7 ஆம்பியர், மாலையிலிருந்து விடியும்வரை 12 மணி நேரத்துக்கு ஏறக்குறைய எட்டரை ஆம்பியர்-மணி செலவாகும். பேட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கக் கூடாது என்பதால் 18 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்குங்கள். 7 ஆம்பியர்-மணி பேட்டரி நள்ளிரவுக்குமேல் கைவிட்டுவிடும். பல நிறத்தில் மினுக்கும் அலங்கார விளக்குகளைப் படகில் கட்டாதீர்கள். கப்பலில் இருப்பவருக்கு அவை எந்தச் செய்தியையும் சொல்வதில்லை.

ஐயா, இழுவலைக்கான பச்சை–வெள்ளை விளக்குகளைச் சைடு லைட் ஸ்விட்சிலேயே சேர்த்துவிடலாமா? ஒரே ஸ்விட்ச் என்றால் மறக்காது.
– விசைப்படகு ஓட்டுநர், நாகப்பட்டினம்

கூடாது. மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் இழுவலை இழுக்கிறோம் என்று பொருள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றால் வேறு வகை வலை அல்லது தூண்டில். தொழிலில் இல்லாதபோது இவற்றைக் காட்டக் கூடாது என்று 1972-இன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. போர்டில் மூன்று ஸ்விட்ச் வையுங்கள்: சைடு லைட்டும் பின்விளக்கும் ஒன்றில், கம்பத்து வெள்ளை இன்னொன்றில், தொழில் விளக்குகள் மூன்றாவதில். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் இருக்கட்டும். ஒன்று போனாலும் மற்றவை எரியும். மூன்றாவது ஸ்விட்சின் பக்கத்தில் ஒரு சிறு சிவப்பு அடையாளப் பல்பு வைத்து, அதன் நெகட்டிவைப் போர்டிலேயே கொடுக்காமல், கம்பத்தடியில் தொழில் விளக்குகளின் நெகட்டிவ் சேரும் இடத்திலிருந்து கொண்டுவாருங்கள். வலையை ஏற்றிய பிறகும் தொழில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.